நாக்கில் விழுந்த ஊதா வெளிச்சம்

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் டெலிபோன் போர்டு என் வேலை. காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். பல்லடத்திலிருந்தும் சோமனூரிலிருந்தும் நூல் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள், பஞ்சு புரோக்கர்கள், பம்பாய் பார்ட்டிகள் எல்லோருக்கும் அந்த மில் என்றால் முதலில் என் குரல்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. "மில்லுங்க, வணக்கமுங்க" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்படிப்பட்டவளுக்குப் போயும் போயும் நாக்கில் வந்தது சீக்கு.

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் முனை நாக்கின் இடது ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. உரசிய இடத்தில் புண் வந்தது. புண்ணைச் சுற்றி, பின்னால் அடிநாக்குப் பக்கம் வரைக்கும் வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டர் பல்லை ராவிவிட்டார். பல் அடங்கிவிட்டது, புண் அடங்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு மேல வாயில ஒரு புண்ணு ஆறலைன்னா அத சும்மா உடக்கூடாதுங்க" என்று சொல்லி, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எழுதிக் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் அவர் சொன்ன இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளநீளமான பெஞ்சுகள். அங்கே யாரும் யாரிடமும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. "உங்களுக்கு எங்கீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த பல்லடத்து அம்மாவுக்கு மார்பில். எனக்கு நாக்கில் என்றதும், "வெத்தல போடுவீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பொகையில?" இல்லை. "மூக்குப்பொடி?" அதுவும் இல்லை.

"அப்பறம் எப்படீங்க வரும்?" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டாக்டரிலிருந்து வார்டு ஆயா வரைக்கும் எல்லோரும் அதையே கேட்டார்கள். கடைசியில், தூக்கத்தில் எழுந்து போய் வெற்றிலை போட்டுவிட்டு வருகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மா நல்ல மனுஷி. நான் எழுந்து போகும்போதெல்லாம் என் இடத்தில் தன் பையை வைத்துக் காவல் காத்தார். தன் வலியோடு என் டோக்கன் நம்பரையும் அவர்தான் நினைவில் வைத்திருந்தார்.

என்னோடு வந்தது என் வீட்டுக்காரர். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறக்கவே யோசிக்கிற மனுஷன். வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை நான் ஒருத்தியே பேசிவிடுவேன் என்று உறவில் கேலி செய்வார்கள். மகள் கவிதா அப்போது பிளஸ் டூ. அவளிடம் முதலில் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தோம். அவள் நம்பின மாதிரி நடித்தாள்.

டாக்டர் ஜோசப் என்ற சர்ஜன் என்னைப் பார்த்தார். பயாப்சி செய்ய வேண்டும் என்றார். பயாப்சி என்றால் சந்தேகப்படும் இடத்திலிருந்து சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. மரத்துப்போக ஊசி போடுவார்கள், ஊசிதான் வலிக்கும். முடிவு வருவதற்குள் நான் சோற்றை மென்றேனா விழுங்கினேனா என்றே தெரியவில்லை. புற்றுநோய் இல்லை, வெறும் புண் என்று ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து மறுபடி மறுபடி பார்த்தார்.

"திட்டு நீளமா இருக்குதுங்கம்மா. நான் எடுத்தது முன்னால ஒரு துணுக்கு. கெட்டது பின்னால எங்காச்சும் இருந்தா, இந்த ரிப்போர்ட்டுக்கு அது தெரியாது."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துப்போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எடுக்கலாமுங்க. ஆனா பாதி நாக்கு போயிரும். பேச்சு இப்ப மாதிரி இருக்காது."

 உயிர் போய்விடுமோ என்ற பயத்தை நான் ஒரு மாதிரி பழகி வைத்திருந்தேன். பேச்சு போய்விடும் என்பது எனக்குப் புதிது. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் குழறுவதும், அந்தப் பக்கத்து ஆள் "ஏனுங்க, யாருங்க பேசறது?" என்பதும் அப்போதே காதில் கேட்டது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், சாவதைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

"எந்த எடம்னு சரியாத் தெரிஞ்சா, அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த உட்டுரலாம்" என்றார் டாக்டர். "ஒரு காலேஜ்ல இருந்து இங்க வந்து ஒரு ஆராய்ச்சி பண்றாங்க. வெளிச்சத்த வெச்சுப் பாக்கறது. வலி கிடையாது, காசும் கிடையாது. பாத்துக்கறீங்களா?"

காசு இல்லை என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும். வலி இல்லை என்றதால் சரி என்றேன்.

அந்த அறை ஒரு பழைய ஸ்டோர் ரூம். ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்திருந்தார்கள். ஒரு மேஜையில் விளக்குப் பெட்டி, அதிலிருந்து வீணைத் தந்தி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அங்கே இருந்தவள் மெஹருன்னிசா. கோட்டைமேட்டுப் பெண், அப்பாவுக்கு அத்தர் கடை. அவள் பி.எச்டி.க்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், ஆனால் பேசினால் வீட்டில் பெரியவள் மாதிரி இருக்கும்.

"நம்ம சதைக்குத் தானாவே ஒரு வெளிச்சம் இருக்குதுங்கம்மா" என்றாள். "சும்மா பாத்தாத் தெரியாது. இருட்டுல ஊதா வெளிச்சம் அடிச்சா, நல்ல சதை அத வாங்கிக்கிட்டுப் பச்சையாத் திருப்பிக் குடுக்கும். கெட்டுப்போன எடத்துல அந்தப் பச்சை கொறைஞ்சுரும், இருட்டாத் தெரியும். சாயம் கீயம் ஒண்ணும் பூச வேண்டியதில்ல. எல்லாம் உடம்போட சொந்த வெளிச்சம்."

"அப்ப இருட்டா இருந்தா அது கேன்சருங்களா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. வெறும் புண்ணுகூட இருட்டாத் தெரியும். எங்க கிள்ளணும்னு டாக்டருக்கு இது வழி காட்டும், அவ்வளவுதான். முடிவச் சொல்றது பயாப்சிதான்." தன் மெஷினைப் பற்றி இத்தனை அடக்கமாகப் பேசினது எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் மில்லுக்கு டைப்ரைட்டர் விற்க வருகிறவன்கூட அதைவிட அதிகம் பேசுவான்.

டெஸ்டுக்கு வரும்போது காப்பி, டீ குடிக்கக் கூடாது, வெற்றிலை பாக்கு கூடாது, வாயில் எந்த மருந்தும் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். அப்படியே நடந்தோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

என் வீட்டுக்காரருக்கு ஈரோட்டுப் பக்கம் பூர்வீகம். அங்கே அவர் அண்ணன் மஞ்சள் போடுகிறார். தை கழிந்தால் ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எனக்குப் புண் வந்ததிலிருந்து அவர் விரலி மஞ்சளைக் கல்லில் இழைத்து, பசு நெய்யில் குழைத்து, காலையும் இரவும் தன் விரலால் என் நாக்கோரத்தில் தடவிவிடுவார். காரமாகக்கூட இராது. கையால் ஏதாவது செய்தால்தான் அவருக்கு மனசு ஆறும். மோட்டாரானாலும் பெண்டாட்டியானாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். என் நாக்குக்கு உறவே பயப்படும், அதைத் தொடுகிற தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

முதல் டெஸ்ட் அன்று அவர் வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே ஒரு ஆயா என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொள்ள, மெஹருன்னிசா இழையின் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கியது, பச்சை எத்தனையோ அத்தனை மேடு. நல்ல பக்கத்தில் ஒரு சின்ன மேடு. புண் பக்கத்தில் அதைவிடப் பெரிய மேடு. பச்சை குறைந்தால்தான் கெட்டது, எனக்கோ எக்கச்சக்கமாக இருந்தது.

டாக்டர் ஜோசப் வந்து பார்த்தார். "இதுபடி பாத்தா ரொம்ப நல்லா இருக்குதே" என்றார். குரலில் ஆச்சரியம்தான் அதிகம். பயாப்சியும் இல்லை என்கிறது, வெளிச்சமும் இல்லை என்கிறது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் ஒரு மூச்சுப் பேசித் தீர்த்தேன். மருதமலைக்குப் போய் அர்ச்சனை செய்தோம். கவிதாவிடம் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னோம். அவள், "தெரியும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு வாரம் போயிருக்கும். போர்டில் ஒரு கால்.

"மில்லுங்க, வணக்கமுங்க."

"உங்க மில்லுல கோமதின்னு ஒருத்தங்க. அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணுமுங்க. லைன் குடுக்க முடியுங்களா?"

"கோமதிதானுங்க பேசறேன்" என்றேன். யாருக்கெல்லாமோ லைன் கொடுத்தவளுக்கு வந்த கால் அது.

மெஹருன்னிசா தயங்கித் தயங்கிப் பேசினாள். "பயப்படாதீங்கம்மா. உங்க ரீடிங் ரொம்ப நல்லா வந்திருக்குது. அதுதான் எனக்குத் தூக்கம் வரல. அந்த மேடு இருக்க வேண்டிய எடத்துல இல்ல, சித்தெ தள்ளி நிக்குது. மெஷின்ல கோளாறான்னு எல்லாம் கழட்டிப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்குது. இன்னொரு தடவ வந்துட்டுப் போறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. நல்லா இருக்குது என்று சொன்ன பிறகு எதற்குக் கிளறுகிறாள்? ஆராய்ச்சிக்கு எண்ணிக்கை சேர்க்க நான்தான் கிடைத்தேனா? வீட்டில் போய்க் கத்தினேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கூப்புட்டாங்கல்ல, போய்ட்டு வந்தரலாம் அம்மணி. நானும் உள்ள வாரேன்" என்றார்.

அன்றைக்கு ஆயா லீவு. நாக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். "நான் புடிச்சுக்கறனுங்க, எனக்குப் பழக்கம்தான்" என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். துணியைச் சுற்றி என் நாக்கை இழுத்துக்கொண்டார். மெஹருன்னிசா லைட்டை அணைத்தாள், இந்தத் தடவை கண்ணாலும் பார்க்க மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், ஊதா விளக்கைப் போட்டாள்.

"சார்" என்றாள். "உங்க கையில என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்களே."

"கை மின்னுதுங்க."

நானும் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். அவருடைய ஆள்காட்டி விரல் நுனி, நகக்கண் முழுக்க, பச்சையும் மஞ்சளுமாகப் பளீரென்று எரிந்தது. அவர் பயந்துபோய் வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தில் வேட்டியும் மின்னியது. மெஹருன்னிசா விளக்கை மெதுவாக நகர்த்தினாள். காலையில் நான் பூசிக் குளித்த மஞ்சள் என் கழுத்தில் மின்னியது. ஜாக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த தாலிச்சரடு நியான் லைட் போல எரிந்தது. இரண்டு பேரும் மாரியம்மன் ஊர்வலத்து வண்டி மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தோம்.

"மஞ்சளுங்க" என்றார் என் வீட்டுக்காரர், மெல்ல.

"வாய்லயும் வெச்சீங்களா?"

"வெச்சனுங்க. காலைலயும் வெச்சன்."

"வாயில எந்த மருந்தும் வெக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே?"

"மருந்து ஒண்ணும் வெக்கலீங்களே!" என்றார் அவர். சத்தியமாக அவருக்குப் புரியவில்லை. "மஞ்சத்தானுங்க வெச்சோம்."

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தப்பு என்ற மேலதாங்க" என்றாள். "வெத்தலையக் கேட்டேன், பொகையிலையக் கேட்டேன். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு மஞ்சளக் கேக்கல பாருங்க. எங்க ஊட்லயும் அடிபட்டா அதத்தான் மொதல்ல வெப்பாங்க."

மஞ்சளுக்குச் சொந்தமாகவே பெரிய வெளிச்சம் உண்டாம். ஊதா பட்டால் நல்ல சதையைவிடப் பல மடங்கு மின்னுமாம். நெய்யோடு சேர்ந்து நாக்கின் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டால் கொப்பளித்தாலும் போகாதாம். ஆக, அன்றைக்கு அந்த மேடாக ஏறி எங்களை மருதமலை வரைக்கும் அனுப்பி வைத்தது ஈரோட்டு மஞ்சள். அதற்கு அடியில் என் நாக்கு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் திரும்பினோம். ஹோப் காலேஜ் தாண்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்ற கையாலயே மூடி வெச்சிருந்திருக்கறன் அம்மணி" என்றார்.  அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். அவர் அன்றைக்கு உள்ளே வராமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். பேச்சுக்கே பேர்போனவளுக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை.

பத்து நாள் மஞ்சளே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டார்கள், செய்து பார்த்தால்தான் தெரியும். ரசத்தில் மஞ்சள், குழம்பில் மஞ்சள், பொரியலில் மஞ்சள். கவிதா வெள்ளை வெளேரென்று ஒரு பருப்புக் குழம்பு வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம். எனக்குத் தனியாக வைத்தால் நான் ஏங்கிப்போவேனாம்.

சாப்பாடாவது பரவாயில்லை. என்னைப் பார்க்க வந்த நங்கை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, என் வெறும் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார்.

"ஏன் கண்ணு, மஞ்சப் பூசலையா?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்க நங்கை."

"பூசாம இருக்கறதாவது! என்ற தம்பி நல்லா இருக்க வேண்டாமா? ஒறம்பரை சனம் பாத்தா என்ன நெனைக்கும்?"

எனக்கும் உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். அக்காவை எதிர்த்து அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. "அக்கா, நான் நல்லா இருக்கறதுக்கு அவ மஞ்சப் பூச வேண்டாம். அவ இருந்தாப் போதும்" என்றார்.  நங்கை நேராக அடுக்களைக்குப் போய், மஞ்சள் டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "கைப்பழக்கத்துல கவிதா போட்டுறப் போறா" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார். அடுத்த நாளிலிருந்து எனக்குத் தினமும் மஞ்சள் போடாத ஒரு கூட்டு அவர் வீட்டிலிருந்து வந்தது.

மூன்றாவது டெஸ்டில் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, மஞ்சள் மூக்குக்கண்ணாடியை எனக்கும் மாட்டிவிட்டாள் மெஹருன்னிசா. "உங்க நாக்கு, நீங்களும் பாருங்க" என்றாள். இருட்டில் என் நாக்கு வெளிறிய பச்சையில் தெரிந்தது. எனக்குள் இப்படி ஒரு நிறம் இருந்தது எனக்கே தெரியாது. இடது ஓரத்தில், முதலில் துணுக்கு எடுத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை பின்னால், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பச்சை இல்லை. கறுப்பாக இருந்தது. சாதாரண வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் திட்டில் அது மட்டும் தனியாகத் தெரியாது.

டாக்டர் ஜோசப் அந்த இடத்தில் கிள்ளினார். இந்த முறை ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று இருந்தது. ஆரம்ப நிலை, ஆழமாக இறங்கவில்லை, கழுத்துக்குப் பரவவில்லை. "இத்தன சின்னதா இருக்கும்போது எங்கிட்ட யாரும் வர்றதில்லம்மா" என்றார் அவர். நான் அழுதேன். பயத்திலும் அழுதேன், கொஞ்சம் நன்றியிலும் அழுதேன். இரண்டும் ஒரே கண்ணில்தான் வருகிறது, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷனில் நாக்கின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தைத்தார்கள். விழித்தபோது வாய்க்குள் வேறு யாருடைய நாக்கோ இருப்பது போல் வீங்கிக் கிடந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் கஞ்சி விட்டார்கள். பசி அடங்கும், ருசி கிடையாது. பக்கத்துக் கட்டிலில் சாம்பார் வாசம் வந்தால் பொறாமையாக இருக்கும். பேசக் கூடாது என்று உத்தரவு. ஆபரேஷனில்கூட வலி குறைவு, அந்த உத்தரவுதான் பெரிய தண்டனை. வார்டில் பேசாமல் படுத்திருந்தபோதுதான் மற்றவர்கள் பேசுவது காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் எனக்குக் கஞ்சி விடும்போது தனக்குத் தானே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். கடையில் இன்று யார் வந்தார்கள், எந்த மோட்டார் புகைந்தது என்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. பில்லைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. கடையில் அடுக்கி வைத்திருந்த பழைய மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மெஹருன்னிசா ஒரு நாள் வார்டுக்கு வந்தாள். இனி டெஸ்டுக்கு வருகிற எல்லோரையும் மஞ்சள் வைத்தீர்களா என்று முதலில் கேட்கிறாளாம். வேட்டி கட்டினவர்களிடம் விரலையும் நீட்டச் சொல்லிப் பார்க்கிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. தன் மெஷின் நல்ல செய்தி சொன்னபோதும் நம்பாமல் தூக்கம் கெட்டாளே, அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? நல்ல ரிப்போர்ட் வந்தும் சிரிக்காத டாக்டருக்குத்தான் என்ன செய்வது? அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்போது என்னால் முடிந்தது அதுதான்.

தையல் பிரித்த பிறகு முதல் முதலில் வாயைத் திறந்து, "ஏனுங்க" என்றேன். 'ஏனு' வரைக்கும் வந்தது, மிச்சம் எச்சிலோடு வழிந்தது. என் வீட்டுக்காரர், "நெம்ப நல்லா இருக்குது அம்மணி" என்றார். கவிதா பொய் சொல்லவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "ர வருதும்மா, ஸ இன்னும் வரல" என்றாள். மத்தியானம் எல்லாம் அவர்கள் இரண்டு பேரும் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு மில்லில் இருக்கிற டிபார்ட்மெண்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார்கள். ஸ்பின்னிங். கார்டிங். ஸ்டோர்ஸ். சேல்ஸ். ஸ்டோர்ஸ் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எவன் அதற்கு அந்தப் பேர் வைத்தானோ. வாரக் கணக்கில் சொல்லிச் சொல்லி ஒரு நாள் முழுசாக வந்தபோது, கவிதா எழுந்து நின்று கை தட்டினாள்.

மில் மேனேஜர் நல்லவர். என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனாலும், "கஷ்டமா இருந்தாச் சொல்லும்மா, பேக்கிங் செக்ஷன்ல உட்கார வெச்சர்றேன்" என்று சொல்லியிருந்தார். அது அன்பில் சொன்னது. எனக்குத் தூக்கம் போனது.

வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் காதில் மாட்டினேன். 'சேல்ஸ்' என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.  முதல் விளக்கு எரிந்தது.

"மில்லுங்க, வணக்கமுங்க."

பல்லடத்து நூல் புரோக்கர் ஒருவர். தினம் கூப்பிடுகிறவர், எப்போதும் அவசரம், ஒரு நாளும் நலம் விசாரித்ததில்லை. எங்கள் ஊரில் சண்டையும் மரியாதையாகத்தான் போடுவார்கள். "ஏனுங்கம்மா, எத்தன நேரமுங்க அடிக்கறது? சேல்ஸுக்குக் குடுங்க, சீக்கிரமுங்க!" என்று வள்ளென்று விழுந்தார்.

"சேல்ஸுங்களா? இருங்க, தர்றனுங்க" என்றேன். கொடுத்தேன். 'யாருங்க பேசறது' என்று கேட்காமல் அவர் பாட்டுக்குப் பேசப் போய்விட்டார்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேனேஜர் பதறிப்போய்க் குனிந்தார்.

"என்னம்மா? அந்த ஆள் ஏதாச்சும் சொல்லிப்போட்டானா?"

"இல்லீங் சார்" என்றேன். "ஒண்ணுமே சொல்லலீங்க."